பதினேழாம் எண் செம்பு

பக்கத்து சீட்டுப் பெண் இருமினாள். ஒரே ஒரு தடவைதான், தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி. அதற்குள் என் முகம் ஜன்னல் பக்கம் போய்விட்டது. நான் திருப்பவில்லை, அதுவே திரும்பியது. அந்த வியாதி வந்து வருஷம் நாலுக்கு மேல் ஆகிறது, ஊர் மறந்துவிட்டது, முகக்கவசம் விற்ற கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள், இந்தக் கழுத்து மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. பாவம், அந்தப் பெண் கவனித்துவிட்டாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, தூசிம்மா என்றாள். தெரியும் தாயி, தூசிதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் விழுங்கிவிடுவதில் எனக்கு நல்ல பழக்கம். முப்பத்துமூன்று வருஷம் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து யார் யார் பேச்சையோ இணைத்துவிட்டு சம்பளம் வாங்கினவள் நான். சண்முகவடிவு கையில் லைன் போனால் கிடைத்துவிடும் என்று பேர். அந்தச் சண்முகவடிவுக்கு சாத்தூரில் இருக்கிற ஒரே ஒரு நம்பரைப் போட விரல் வரவில்லை. மடியில் பை இருக்கிறது. பையில் செம்பு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற செம்புதான், வாயை ஈயம் வைத்து அடைத்தது, உள்ளே கங்கைத் தண்ணீர், கழுத்தில் வெள்ளைப் பெயிண்டில் பதினேழு என்று எழுதியது. என்னுடையது பதினெட்டு, அது வீட்டில் சாமி அலமாரியில் இருக்கிறது. இரண்டும் நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன, எங்கள் இரண்டு பேரைவிட ஒற்றுமையாக. வெள்ளிக்கிழமை தோறும் இரண்டுக்கும் சேர்த்தே குங்குமம் வைப்பேன். திருட்டுச் சாமானுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்டக்டர் வந்து எங்கம்மா என்றார். சாத்தூர் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், அவர் இன்னொரு தடவை கேட்டார். இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இதே மாதிரி டிக்கெட் வாங்கியிருக்கிறேன். முதல் தடவை பாதி வழியில் தலைசுற்றுகிறது என்று இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தலை சுற்றவில்லை. இரண்டாவது தடவை சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், கால் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் அதே சீட்டில் திரும்பினேன். காராச்சேவு நன்றாக இருந்தது. அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

திரவியம் அண்ணாச்சிதான் அந்தச் செம்புகளுக்கு எண் போட்டவர். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் சேர்த்துக் காசிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த வியாதி வந்த வருஷம் நாற்பத்திரண்டு பேர் போனோம். கழுத்தில் மஞ்சள் அட்டை, அட்டையில் எண், அதற்குக் கீழே ஜோடி எண். ஒற்றையாக வருகிறவர்களை ஜோடி சேர்ப்பது அவர் வழக்கம். புருஷன் போனவள், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறவள், எவளாக இருந்தாலும் ரயிலேறின பிறகு ஒற்றை இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எண் கூப்பிடுவார். இதில் ஒரு விசேஷம், நம் எண்ணுக்கு நாம் பதில் சொல்லக் கூடாது, ஜோடிதான் சொல்ல வேண்டும். தொலைஞ்சு போனவங்க எப்படிம்மா வந்து நான் தொலைஞ்சிட்டேன்னு சொல்வாங்க என்று கேட்பார். நியாயம்தானே. அவர் பதினேழு என்றால் நான் இருக்காங்க என்று கத்த வேண்டும். பதினெட்டு என்றால் பொன்னுத்தாயக்கா கத்துவாள். அவள் கத்தினால் படித்துறையில் புறா எழும்பும். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது வருஷம் லேபிள் ஒட்டினவள், மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி ஒரு வாயாடியோடு பதினோரு நாளா என்று அண்ணாச்சியிடம் போய் வேறு ஜோடி கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மூன்றாம் நாள் அவள் டம்ளரில் நான் காபி குடித்தேன். அஞ்சாம் நாள் அலகாபாத் குளிரில் ஒரே போர்வைக்குள் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கினோம். ஊரில் நான் யார், ஆபீசில் வேலை பார்த்தவள், ஒரு நாற்காலி தள்ளி உட்காருகிறவள், பக்கத்து வீட்டில் கூட வாசலோடு பேசி அனுப்புகிறவள். ரயிலில் அதெல்லாம் கழன்று விழுந்துவிட்டது. ஏ வடிவு என்று அவள் கூப்பிட்டால் எனக்குப் பத்து வயசு. என் அம்மாவுக்குப் பிறகு என்னை வடிவு என்று கூப்பிட்டது அவள்தான். கயாவில் ஒரு காயும் ஒரு பழமும் விட வேண்டும் அல்லவா, ஆசைப்பட்டதை விட வேண்டும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் தொடக் கூடாது. நான் பாகற்காயை விட்டேன். பாகற்காயை நான் என்றைக்குமே தொட்டதில்லை, ஆபீஸ் புத்தி, சாமியிடமும் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துத் தப்பிக்கிற புத்தி. அவள் வெள்ளரிக்காயை விட்டாள். சாத்தூர்க்காரி வெள்ளரிக்காயை விட்டால் அப்புறம் என்னக்கா மிச்சம் என்று கேட்டேன். அதாம்ல ஆசை, ஆசையைத்தான விடச் சொல்லுதாக, நீ பாவக்காயை விட்டதை நான் பாத்துட்டுத்தான் இருந்தேன் என்றாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் புரையேறியது. அப்போது இருமல் என்றால் புரையேறுவதுதான்.

வெளியே கரிசல் காடு, மக்காச்சோளம் அறுத்த தட்டை, காற்றாடிகள் ஒன்று சுற்றுகிறது ஒன்று நிற்கிறது. பக்கத்துப் பெண் தூங்கிவிட்டாள், தலை என் தோள் பக்கம் சாய்கிறது. நகர வேண்டும் போல இருக்கிறது. நகரக் கூடாது. நகர்வதில் ஆரம்பித்ததுதானே எல்லாம். திரும்பி வரும்போது ரயிலில் இரண்டாம் நாள் காலையில் அவளுக்கு உடம்பு காய்ந்தது. அதற்கு முந்தின நாள்தான் எல்லார் செல்போனிலும் அந்த வியாதியைப் பற்றிய பேச்சு, வெளியூர் போய் வந்தவர்களைப் பிடித்துப் போகிறார்களாம், ஆஸ்பத்திரியில் தனியாகப் போட்டுவிடுகிறார்களாம், செத்தால் மூஞ்சி கூடக் காட்டமாட்டார்களாம். அதுவரைக்கும் அந்தப் பெட்டியில் ஒருத்தர் டப்பாவைத் திறந்தால் எட்டு கை நீளும். இட்லிப் பொடி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். அவள் முதல் தடவை இருமினபோது டப்பாக்கள் மூடின. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, டப்பா மூடுகிற சத்தம்தான் கேட்டது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் அக்கா என்றும் மதினி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எண்ணாகிவிட்டார்கள். பதினேழுக்குக் காய்ச்சலாமே. பதினேழை ஓரமா உக்காரச் சொல்லுங்க. நான் என்ன செய்தேன். காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், அதைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் வைக்கவில்லை, சீட்டில் வைத்தேன், அதையும் சொல்ல வேண்டும். மேல போய்ப் படு தாயி, ஒனக்கு வேண்டாம் என்று அவளே சொன்னாள். அவள் சொன்னதால்தான் போனேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லும்போது நான் ஏற்கெனவே ஏணியில் ஒரு காலை வைத்திருந்தேன். பையைத் தூக்க முடியவில்லை என்று செம்பை மட்டும் எடுத்துக் கொடுத்து, ஒன்னோடத்தோட வச்சுக்கோ, பத்திரம், எறங்குறப்ப வாங்கிக்கிடுதேன் என்றாள். அதை வாங்கும்போது கூட கைக்குட்டையால் வாங்கினேன். கங்கைத் தண்ணியைக் கைக்குட்டையால் வாங்கினேன். மேலே படுத்துக்கொண்டு என் தொண்டையை நானே விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். வலிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு என்னவாவது ஆனால் மகன் பெங்களூரிலிருந்து எப்படி வருவான், அந்தத் தெருவில் யார் கதவைத் தட்டுவார்கள், மூஞ்சி கூடக் காட்டமாட்டார்களாமே. பயம்தான். வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. கீழே அவள் இருமுகிற ஒவ்வொரு தடவையும் அவள் மேல் கோபம் வந்தது. பாவம் என்று வரவில்லை, கோபம் வந்தது.

மதுரையில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் சுகாதாரத்துறை ஆட்கள் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கிற அந்தத் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தார்கள். அவளுக்குக் கீச்சென்றது. பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். காய்ச்சல் இருக்கிறவர்களும் அவர்களோடு ஒன்றாக இருந்தவர்களும் ஆஸ்பத்திரிக்கு, மற்றவர்கள் கையில் முத்திரை குத்திக்கொண்டு வீட்டுக்கு. அதைக் கேட்டதும் என் கை மஞ்சள் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டது. ஜோடி 17 என்று அதில் எழுதியிருந்ததே. நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கயாவில் பாகற்காயைப் பார்த்த அதே கண். அண்ணாச்சி என்ன செய்வது என்று தெரியாமல் பழக்க தோஷத்தில் எண் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பதினைந்து. இருக்காங்க. பதினாறு. இருக்காங்க. பதினேழு. நான் குடிதண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாய் சரியாக மூடவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. பதினேழு என்று மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரலே இறங்கிவிட்டது. இருக்காங்க என்பது எத்தனை எழுத்து, முப்பத்துமூன்று வருஷம் ஹலோ சொன்ன வாய்தானே இது. அந்த ஆபீசர் அவள் பக்கம் திரும்பி, இவங்களோட ஒண்ணா வந்தது யாரு என்று கேட்டார். அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார்.

"யாருமில்ல சார். நான் ஒத்தையில வந்தவ" என்றாள் அவள், பெஞ்சிலிருந்து.

அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதினெட்டு என்றார். என் எண். எனக்குப் பதில் சொல்ல வேண்டியவள் பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்து, திரும்பாமலேயே, இருமலுக்கு நடுவில் அந்தக் குரல் வந்தது, பதினெட்டு இருக்காங்க என்று. புறா எழும்பவில்லை. அந்த ஆபீசருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. எங்கள் நாற்பது பேருக்குப் புரிந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது ஒரு உபகாரம், அல்லது உபகாரமில்லை.

அப்புறம் வேன். சாத்தூரில் நிறுத்தி அவளை இறக்கிவிட்டு அதற்குப் பிறகு என்னைக் கோவில்பட்டியில் விடுவதாகத்தான் ஏற்பாடு. சாத்தூர் விலக்கு வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இறங்க ஆள் இல்லையே. அப்போதுதான் மடியில் இரண்டு செம்பு இருப்பதைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லி எங்கே போய்க் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் நீ யார் என்று கேட்பார்களே. காசிக்குப் போய் வந்தால் ஊரில் வாசலில் நிறுத்திக் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள், பெரியவர்கள் கூடக் காலைத் தொடுவார்கள். என் மகன் போனில் சொன்னான், காசிக்குப் போனதை வெளிய சொல்லாதீங்கம்மா, கதவைச் சாத்திட்டு உள்ளயே இருங்க. தெருவில் கேட்டவர்களிடம் சென்னையோடு திரும்பிவிட்டேன், தங்கச்சி வீட்டில் இருந்தேன் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். கையில் இருந்த முத்திரையைத் தேங்காய் நாரால் தேய்த்தேன், தோல்தான் போனது. பதினோரு நாள் யாத்திரை போய்க் கங்கையில் முங்கி எழுந்தவள், காசிக்கே போகாதவளாகி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஒரு தும்மல் கூட வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று பின்னால் பலநாள் நினைத்திருக்கிறேன். ஒன்றரை மாதம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். பதினேழு பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்றார். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன், அது நிஜம். அவங்க செம்பைக் காணுமாம், உங்ககிட்ட இருக்காம்மா என்று கேட்டார். அந்தப் பக்கம் லைனில் லேசான இரைச்சல் இருந்தது. இல்லையே அண்ணாச்சி என்றேன். ஏன் சொன்னேன். இருக்கிறது என்றால் நான் ஜோடி, ஜோடி என்றால் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை, தெருவில் சொன்ன பொய் என்னாகும், இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்று. முதல் பொய்க்குப் பயம் காரணம், சரி. இரண்டாவது பொய்க்கு முதல் பொய்தான் காரணம். அதற்குப் பிறகு காரணமே வேண்டியிருக்கவில்லை, நாள் போகப் போக அது பாட்டுக்கு வளர்ந்தது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பதினேழு என்னைப் பார்க்கும்.

போன வாரம் மறுபடியும் அண்ணாச்சி கூப்பிட்டார். பாதியில் நின்ற யாத்திரையை முடித்துவைக்க வேண்டும், கங்கைத் தண்ணியை ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் ஊற்றினால்தானே முடியும், வருகிற அமாவாசைக்கு வேன் போட்டிருக்கிறேன், உங்கள் செம்போடு வந்துவிடுங்கள் என்றார். எல்லாரும் வருகிறார்கள், பதினேழு மட்டும் வரவில்லை என்றுவிட்டார்கள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இருக்கும். இருக்காதா. இல்லை உடம்பு முடியாமல் கிடக்கிறாளோ, நுரையீரல் போனவர்கள் எத்தனை பேரைக் கேள்விப்படுகிறோம். அதனால்தான் இன்றைக்குக் காலையில் வேறு எதையும் யோசிக்காமல் செம்பை எடுத்துப் பையில் வைத்துப் புறப்பட்டேன். யோசிக்காமல் என்பதும் பொய், ராத்திரி பூரா என்ன சொல்வது என்று எழுதி எழுதிப் பார்த்தேன். அக்கா, அன்னிக்கு எனக்குக் கேக்கல. கேட்டதே. அக்கா, எனக்கு வாய் வரல. வாய் வராதவள் வேனில் ஏறும்போது டிரைவரிடம் முன் சீட்டு கேட்டாளே. அக்கா, செம்பு என்கிட்ட இருந்தது இப்பத்தான் தெரிஞ்சது. வெள்ளிக்கிழமைக் குங்குமம் ஒரு விரல் கனத்துக்கு அதில் அப்பியிருக்கிறது. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அவளுடைய அந்தக் கண் முன்னால் வந்து நிற்கிறது. பேசாமல் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டால். மறுபடியும் ஏணியில் கால் வைக்கிறாய் வடிவு. பஸ் வேகம் குறைந்தது. பக்கத்துப் பெண் விழித்து, சாரிம்மா, மேல சாஞ்சிட்டேனா என்றாள். பரவாயில்ல தாயி என்றேன். இன்றைக்கு அதையாவது சொன்னேன்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு. இறங்குகிறவர்களுக்கு முன்னால் வெள்ளரிக்காய்க்காரி ஏறிவிட்டாள், தலையில் தட்டு, பிளந்து மிளகாய்ப்பொடி தடவி அடுக்கியது ஒரு பக்கம், முழுசாகப் பிஞ்சு ஒரு பக்கம். எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். காராச்சேவு வாங்கின அன்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் வந்து வெள்ளரி வேணுமா என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வாய் தவறினாற்போல, பொன்னுத்தாய்னு ஒருத்தவங்க, தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டினவங்க, வீடு தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தப் பொன்னுத்தாயி? கொரோனா பொன்னுத்தாயக்காவா?"

ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். மூக்குத்தி பொன்னுத்தாய், மாடிவீட்டு பொன்னுத்தாய் என்கிற மாதிரி. காசிக்குப் போய் வந்தவளுக்கு ஊர் வைத்த பேர். இருக்காங்களா என்று கேட்டேன். இருக்காக, இருக்காக, கல்லு மாதிரி இருக்காக, மாடிப்படி ஏறினா மட்டும் இளைப்பு என்றாள். அப்படியானால் அவளுக்குக் கொஞ்சம் பிஞ்சு வாங்கிக்கொண்டு போகட்டுமா என்று ஒரு நினைப்பு, உடனே ஞாபகம் வந்து, அவங்கதான் வெள்ளரிக்காயைக் கயாவிலயே விட்டுட்டாங்களே என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். அவள் தட்டை சீட்டில் இறக்கி வைத்துவிட்டாள்.

"எங்க விட்டாக. நேத்துக்கூட எங்கிட்டதான் வாங்கித் தின்னாக. கேட்டா, கங்கைத் தண்ணி ராமேஸ்வரம் போய்ச் சேரலைல்ல, செம்பு வராம யாத்திரை முடியாது, அதுவரைக்கும் நான் காசிக்குப் போனவ இல்ல, விட்டதும் விட்டதாகாதுன்னு சொல்லுவாக. செம்பு தொலைஞ்சிருச்சாக்கும்னு கேட்டா, தொலையல, பத்திரமான ஆள்கிட்டதான் இருக்கு, வரும்பாக. நாலு வருசமா இதத்தான் சொல்லுதாக."

பையைப் பிடித்திருந்த கை கனத்தது. நான் ஒரு பெண்ணைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் இதுநாள் வரைக்கும் நினைத்திருந்தேன். அவளுடைய காசியையே எடுத்து வந்து என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக ஊர் அவளை வியாதியின் பேரால் கூப்பிட்டிருக்கிறது. நான் காசிக்குப் போனவள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்லும் உரிமை என்னிடம் இருந்தது. தெரிந்திருக்கிறது அவளுக்கு. செம்பு இல்லை என்று அண்ணாச்சியிடம் நான் சொன்ன அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒருத்தரிடமும் என் பேரைச் சொல்லவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை.

"நீங்க யாரும்மா, அவுகளுக்குச் சொந்தமா?"

"காசிக்கு அவங்களோட ஒண்ணா வந்தவ" என்றேன். அந்த ஆபீசர் கேட்ட கேள்விக்கு அவ்வளவு தாமதமாக, ஒரு வெள்ளரிக்காய்க்காரியிடம்.

அவள் என் முகத்தையும் மடியையும் பார்த்தாள். நான் பையைத் திறந்து காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செம்பை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கீழே இறங்கி நின்று, மேற்கே போய் இரண்டாவது சந்து, நீலக் கதவு, தட்டினால் உடனே திறக்கமாட்டார்கள், வியாதி வந்த அந்தச் சமயத்திலிருந்து யாரும் வராமல் பழகிவிட்டது, சத்தம் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும் என்று வழி சொன்னாள். படிக்கட்டில் என் கையைப் பிடித்து இறக்கினதும் அவள்தான். தட்டிலிருந்து நல்ல பிஞ்சாக இரண்டு பொறுக்கினாள்.

"இத வாங்கிட்டுப் போங்க. செம்பு வந்துட்டா அப்புறம் அவுகளால தின்ன முடியாதுல்ல."

வாங்கிக்கொண்டேன். மேற்கே நடந்தேன். இரண்டாவது சந்து திரும்பினதும் நீலக் கதவு தெரிந்தது, சாத்தியிருந்தது. ராத்திரி எழுதிப் பார்த்த வாக்கியம் ஒன்று கூட நினைவில் இல்லை. தட்டினேன். உள்ளே ஒரு இருமல் கேட்டது. இந்தத் தடவை கழுத்தைத் திரும்ப விடவில்லை. கதவு திறக்கவில்லை, நான் சத்தம் கொடுத்தேன்.

"பதினேழு இருக்காங்க."